மைத்துனன் கொடுத்த ரத்தம்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் எங்கள் யாக்கிமா பள்ளத்தாக்கில் நிக்கானோர் வீராவுக்கு ‘இரும்பு’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஒரே ஒரு வசந்த காலம் மட்டும் செல்லுபடியான பெயர் அது. அதைச் சம்பாதிக்க அவன் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. தன் கையை நீட்ட வேண்டிய இடத்தில் மைத்துனன் கையை நீட்ட வைத்தான், அவ்வளவுதான்.

நிக்கானோர் மோசக்காரன் இல்லை. அந்த வருடம் அவனைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசியவர்கள் நிறைய, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவனிடம் இருந்த கோளாறு வேறு. ‘முடியாது’ என்ற சொல் அவன் வாயில் வராது. மெக்சிகோவின் மிச்சோவக்கானிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவன், பதினொரு வருடம் ஏணி மேல் நின்று ஆப்பிள் பறித்தான். ஞாயிற்றுக்கிழமை வா என்றால் வருவான். யார் வீட்டுக் கூரைக்காவது தார் பூச வேண்டுமென்றால் தன் வாளியோடு போய் நிற்பான். இப்படி ஒருவன் கிடைத்தால் எந்த மேஸ்திரிதான் விடுவான்? மேஸ்திரி சோன் அவனை ஏணியிலிருந்து இறக்கி, பூச்சிமருந்து அடிக்கும் டிராக்டரில் ஏற்றினான்.

சோன் வெறும் மேஸ்திரி மட்டும் இல்லை. நிக்கானோரின் மகள் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தந்தை. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் ‘கொம்பாத்ரே’ என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் வாடா போடா என்று பேசியவர்கள், எங்கள் வழக்கப்படி அன்று முதல் வாங்க போங்க என்று மாறினார்கள். அந்த மரியாதை எவ்வளவு பெரிய பூட்டு என்பது நிக்கானோருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

டிராக்டரோடு ஒரு கேபினும் வந்தது. வாய்க்கால் ஓரமாக வரிசையாக மூன்று மரக் கேபின்கள். டிராக்டர்காரர்களுக்கு மட்டும்தான், பறிப்பவர்களுக்குக் கிடையாது. நிக்கானோரின் மனைவி ஒஃபேலியா அதற்கு முன் அடுத்தவர் வீட்டுக் கூடத்திலும், இரண்டு குடும்பம் அடைந்து கிடந்த டிரெய்லரிலும், ஒரு குளிர்காலம் முழுக்கக் காருக்குள்ளும் படுத்தவள். கேபினுக்கு வந்த அன்று அவள் செய்த முதல் காரியம், கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது. பிறகு காப்பித் தகர டப்பாக்களில் சப்பாத்திக் கள்ளி நட்டு ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தாள். மகள் கல்யாணமாகி சியாட்டிலுக்குப் போன பின், அந்த டப்பாக்களோடுதான் அவளுக்குப் பேச்சு.

இனி ரத்தத்துக்கு வருவோம். எங்கள் மாநிலத்தில் மருந்து அடிப்பவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. சோனின் தோட்டத்துக்கு அது அந்த வருடம்தான் வந்தது. நரம்புகளை அடக்கி ஆள்கிற ஒரு சரக்கு எல்லோர் ரத்தத்திலும் இருக்கிறது. மருந்து அதைத்தான் தின்னும். அதனால் சீசன் தொடங்குமுன், முப்பது நாள் மருந்து தொடாத உடம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஓர் எண் குறித்துக்கொள்வார்கள். அதுதான் உங்கள் முதல் எண். சீசனில் மறுபடி எடுப்பார்கள். முதல் எண்ணிலிருந்து ரொம்பக் கீழே விழுந்திருந்தால் டிராக்டரிலிருந்து இறக்கி, அதே கூலிக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சோதனை என்றாலே பாஸ், ஃபெயில் என்றுதான் புத்தி போகும். நிக்கானோருக்கும் அப்படித்தான் போனது.

அந்த பிப்ரவரியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர், தன் பேரிக்காய்த் தோட்டத்துக்கு நான்கு சனிக்கிழமை மருந்து அடித்துத் தரும்படி கேட்டிருந்தார். நிக்கானோரிடம் கேட்டால் என்ன நடக்கும்? அடித்துக் கொடுத்தான். மார்ச் முதல் வாரம் மாதா கோயில் முற்றத்தில் ரத்தம் எடுக்கும் வண்டி வந்து நிற்கப்போகிறது என்று சோன் வந்து சொன்னபோதுதான் அவனுக்கு உறைத்தது. படிவத்தில் முதல் கேள்வியே, ‘கடந்த முப்பது நாளில் மருந்து தொட்டீர்களா?’ ஆம் என்றால் ஒரு மாதம் தள்ளிப் போடுவார்கள். அதற்குள் மொட்டு விரிந்துவிடும், டிராக்டரில் வேறொருவன் ஏறிவிடுவான், அவனுக்கு வீடும் வேண்டும். இல்லை என்று பொய் சொல்லலாம். ஆனால் ரத்தம் பொய் சொல்லாதே.

அதனால் மருந்து வாசனையே படாத ரத்தத்தைத் தேடினான். ஒஃபேலியாவின் தம்பி ருட்டீலியோ மாட்டுப் பண்ணையில் பால் கறப்பவன். அதே உயரம், அதே மீசை. தொப்பியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் அடையாள அட்டைப் புகைப்படத்துக்குப் போதும்.

“ஒரு ஊசிதானே மாப்ளே, கொசு கடிச்ச மாதிரி,” என்றான் நிக்கானோர்.

“கொசு பேரு கேக்காது மச்சான். இவங்க கேப்பாங்களே.”

“என் பேரைச் சொல்லு. தெரியாத பேரா?”

“சரி, எனக்கு என்ன தருவே?”

“உங்கக்காவைக் கட்டிக்கிட்டேனே, அது பத்தாதா?”

ஒஃபேலியா சோள அடை தட்டிக்கொண்டிருந்த கையாலேயே இரண்டு பேர் தலையிலும் ஒவ்வொன்று போட்டாள். மூவரும் சிரித்தார்கள். வண்டியில் இருந்த நர்ஸ் நான்கு வாரத்துக்காக எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரப் பெண். அட்டையைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள், ஊசியைக் குத்தினாள். காரியம் முடிந்தது.

ஏப்ரல் பாதியில் இரண்டாவது சோதனை. தோட்டத்தில் டிராக்டர்காரர்கள் மூன்று பேர்: தொரீபியோ, வென்செஸ்லாவ், நிக்கானோர். முதல் இருவரின் எண்ணும் தடாலென்று விழுந்திருந்தது. அவர்களை இறக்கிவிட்டார்கள். நிக்கானோரின் எண் விழவே இல்லை. இன்னும் சொன்னால், கொஞ்சம் ஏறியிருந்தது.

முடிவைச் சொன்னவள் ஊர் மருத்துவமனையில் பல வருடமாக ரத்தம் எடுக்கிற டெல்ஃபினா. ஐம்பது வயது, தமாவுலிபாஸ் மாநிலத்துக்காரி, எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். அன்றைக்கு மட்டும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“தோன் நிக்கானோர், இத்தனை வருஷத்துல மருந்து அடிச்சு எண் ஏறின ஆளை நான் பாத்ததே இல்ல. உங்க ரத்தத்தைப் பாட்டில்ல அடைச்சு வித்தா நான் வேலையை விட்டுடலாம்.”

“நல்லதுதானே, தோஞா டெல்ஃபினா?” என்று அவனும் அதே மரியாதை அடைமொழியோடு கேட்டான்.

“என்னவோ. மார்ச் மாசம் எடுத்ததே ரொம்பக் குறைச்சல். சிலருக்குப் பொறப்புலயே அப்படி இருக்கும். மறுபடி வாங்கன்னு கடுதாசி போட்டோமே, வரல நீங்க. சரி, இதை எப்பவும் பையில வச்சுக்கங்க.” மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன அட்டையை நீட்டினாள். “எப்பவாவது ஆப்பரேஷன்னா டாக்டர்கிட்ட இதைக் காட்டணும். மயக்க மருந்தோட உடம்பைத் தளர்த்துறதுக்கு ஒண்ணு குடுப்பாங்க. மத்தவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல கலையும். உங்களுக்குக் கலையாது. நெஞ்சு அசையாது, மூச்சு நின்னுடும். புரியுதா?”

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. மார்ச் மாதத்துக் குறைச்சல் ருட்டீலியோவின் பிறவிக் குறை, அதோடு ஒப்பிட்டதால்தான் தன் எண் விழாதது போலத் தெரிந்தது. அட்டையில் இருந்த பெயர் அவனுடையது, அதில் இருந்த ஆபத்து ருட்டீலியோவுடையது.

“வேற ஏதாவது? தலைவலி, கண் மங்கல், வேர்வை? இருந்தா சொல்லுங்க. எண் எப்படி இருந்தாலும் டாக்டர் உங்களை இறக்கிவிடலாம்.”

இருந்தது. மூன்றும் இருந்தது, அதற்கு மேலும் இருந்தது. ஆனால் எண் நன்றாக இருந்து உடம்பு கெட்டிருந்தால் அவள் சும்மா விடுவாளா? மறுபடி எடுப்பாள், பழையதைத் தோண்டுவாள், மார்ச் மாதத்து நர்ஸுக்குப் போன் போடுவாள்.

“ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன்,” என்றான் நிக்கானோர்.

அட்டையை அன்று ருட்டீலியோவிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கத்தான் நினைத்தான். ஆனால் ருட்டீலியோவின் வாய் பண்ணை முழுக்கத் திறந்து கிடக்கிற வாய். இன்று அவனிடம் சொன்னால் நாளை பால் வண்டிக்காரனுக்குத் தெரியும், மறுநாள் சோனுக்குத் தெரியும். முப்பத்தாறு வயது, மாட்டைத் தூக்கி நிறுத்துகிற உடம்பு, அவனுக்கு என்ன ஆப்பரேஷன் வந்துவிடப்போகிறது? சீசன் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம். சமையலறை மேஜை இழுப்பறைக்குள், பழைய சாவிகளுக்கு அடியில் அட்டையைச் செருகிவைத்தான்.

அன்றிலிருந்துதான் ‘இரும்பு’. தொரீபியோதான் பெயர் வைத்தான். அவனுக்கென்ன, ஆப்பிள் பெட்டிகளுக்கு எண் எழுதும் வேலை, அதே கூலி, கொட்டகை நிழல். நிக்கானோர் டிராக்டரில் கடந்து போகும்போதெல்லாம் பிரஷைத் தூக்கி சல்யூட் அடிப்பான்.

“ஏய் இரும்பு! எங்க வரிசையையும் சேத்து அடிக்கிறியாமே! துருப் பிடிக்காமப் பாத்துக்க!”

அடித்தான். மூன்று பேர் வரிசையையும் அவன் ஒருவனே அடித்தான். விடியற்காலையில் காற்று எழுமுன் வெள்ளை உடுப்பு, ரப்பர் பூட்ஸ், முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறினால், பத்து மணிக்கு உடுப்புக்குள் அவன் வேர்வையிலேயே நனைந்து ஊறிப் போவான். முகமூடிக்குள் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். துப்ப வேண்டுமென்றால் அதைக் கழற்ற வேண்டும், கழற்றினால் மருந்து மூக்குக்குள் போகும், அது போனால் இன்னும் எச்சில் ஊறும். ஒரு நாளைக்கு எத்தனை முறை கழற்றினான் என்று அவனுக்கே கணக்கு இல்லை. நல்ல வெயிலிலும் வரிசைகள் மாலை நேரம் போல மங்கலாகத் தெரிந்தன. இடது கண்ணிமை தானாகத் துடிக்க ஆரம்பித்தது.

இமையை முதலில் பார்த்தவள் ஒஃபேலியா.

“கிழவா, யாரைப் பாத்துக் கண்ணடிக்கிறே?”

“உன்னைத்தான் கிழவி.”

“இருபது வருஷம் கழிச்சா?” சிரித்துக்கொண்டே கிட்டே வந்தவள், சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள். “கண்ணுல பாப்பாவே இல்லியே. ஊசி முனையா இருக்கு. டெல்ஃபினாகிட்டப் போலாம், வா.”

“போயி? எண் நல்லா இருக்குன்னு சொல்லுவா.”

“அது என் தம்பியோட எண்.”

“அதைத்தான் அவகிட்டச் சொல்ல முடியாது.”

ஒஃபேலியா ஜன்னல் பக்கம் திரும்பி டப்பாக்களைப் பார்த்தாள். பிறகு பால் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தாள். பால் விஷத்தை முறிக்கும் என்பது எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோரும் சத்தியம் செய்யும் விஷயம். ஒன்றையும் முறிக்காது. நிக்கானோர் அந்த வசந்தம் முழுக்கக் குடித்தது ருட்டீலியோவின் பண்ணைப் பால். ரத்தமும் அவனுடையது, பாலும் அவனுடையது.

ஒரு நாள் மருந்து கலக்கும் கொட்டகை வாசலில், சோனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போய் நின்றான்.

“கொம்பாத்ரே, கொஞ்ச நாளா தலைவலிங்க. வேற யாரையாவது ஒரு வாரம்…”

“யாரைங்க கொம்பாத்ரே? மத்தவன் எல்லாம் விழுந்துட்டான், நீங்கதான் நிக்கிறீங்க. உங்க எண்ணைக் கேள்விப்பட்டு முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? இந்த மாதிரி மூணு பேர் கொண்டா, தோட்டமே உருப்படும்னார். எனக்கு எவ்வளவு பெருமை!” தோளில் கை வைத்தான். அந்தக் கையில் உண்மையாகவே பிரியம் இருந்தது. “எனக்காக இன்னும் மூணு வாரம் தாங்குங்க. முடியாதுங்களா?”

நிக்கானோர் வாயைத் திறந்தான். “பாத்துக்கலாம் கொம்பாத்ரே,” என்றது வாய்.

யாரும் அவனைக் கட்டிப் போடவில்லை, இதுதான் எனக்கு ஆறாத விஷயம். கதவு எல்லாப் பக்கமும் திறந்தே இருந்தது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரே சாவி, ‘அது என் ரத்தம் இல்லை’ என்ற நாலு வார்த்தை. அதைச் சொன்னால் டிராக்டர் போகும், கேபின் போகும், கொம்பாத்ரே முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் உடம்பு போகும். அவன் உடம்பைத் தேர்ந்தெடுத்தான். தன் உடம்புதானே என்று நினைத்துக்கொண்டான்.

மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை பிற்பகல், கறவைக் கொட்டகையில் ருட்டீலியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கு அடியிலேயே சுருண்டு விழுந்தான். குடல்வால் வீங்கி, வெடிக்கிற நிலையில் இருந்தது. பண்ணைக்காரர்கள் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். செய்தி வந்ததும் நிக்கானோர் வெள்ளை உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆப்பிள் பொதியும் கொட்டகையிலிருந்து ஒஃபேலியாவை ஏற்றிக்கொண்டு ஓடினான். வழியெல்லாம் ஒஃபேலியா ஜெபம் சொன்னாள். நிக்கானோரின் நினைப்பெல்லாம் மேஜை இழுப்பறைக்குள் சாவிகளுக்கு அடியில் இருந்தது.

திரைச்சீலைக்குப் பின்னால் ருட்டீலியோ தள்ளுகட்டிலில் கிடந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“வா மச்சான். மாடு உதைச்சாலும் இப்படி வலிக்காது,” என்றான். சிரிக்கப் பார்த்து, வலியில் பல்லைக் கடித்தான்.

பக்கத்தில் பச்சைத் தொப்பி போட்ட மயக்க மருந்து டாக்டர், நெட்டையான ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில், அவள் கேட்பதை எங்கள் ஸ்பானிஷில் சொல்ல ஒருத்தி. டெல்ஃபினா! காலையில் ஊர் மருத்துவமனை, மாலையில் இங்கே மொழிபெயர்ப்பு. பள்ளத்தாக்கில் யார்தான் ஒரு வேலையோடு பிழைக்கிறார்கள்?

“எப்பச் சாப்பிட்டீங்க? எந்த மருந்தாவது ஒத்துக்காதா? குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சினை வந்திருக்கா?”

“இல்ல, இல்ல, இல்ல,” என்றான் ருட்டீலியோ. “சீக்கிரம் அறுங்க.”

டாக்டர் காகிதத்தில் மூன்று கோடு போட்டாள். கட்டிலைத் தள்ள இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

“இருங்க,” என்றான் நிக்கானோர். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. “அவனுக்கு ரத்தம் சரியில்லன்னு சொல்லுங்க தோஞா. உடம்பைத் தளர்த்துற அந்த மருந்து ஆகாது. கலையாது. மூச்சு நின்னுடும்.”

டெல்ஃபினா அதைச் சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டாள்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க.”

“குடும்பத்துல இருக்கு.”

“யாருக்கு?”

“எனக்கு. நீங்கதானே அட்டை குடுத்தீங்க.”

டெல்ஃபினா இதை டாக்டரிடம் சொல்லவில்லை. நிக்கானோரைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், அந்த மீசையைப் பார்த்தாள். “தோன் நிக்கானோர், இவர் உங்க பெஞ்சாதியோட தம்பி. உங்க ரத்தத்துல இருக்கிறது இவருக்கு எப்படி வரும்?”

நிக்கானோரின் இடது இமை துடித்தது. டாக்டர் கையில் பேனாவோடு காத்திருந்தாள்.

“ஒண்ணு சொல்லிடறேன்,” என்றாள் டெல்ஃபினா மெதுவாக. “இங்க நான் வெறும் வாய். நீங்க என்ன சொன்னாலும் அப்படியே அவங்ககிட்டச் சொல்லியாகணும். நாளைக்குக் காலையில ஊர்ல நான் ரத்தம் எடுக்கறவ. இங்க காதுல விழுந்ததை அங்க விழலன்னு என்னால சொல்ல முடியாது. அதனால யோசிச்சுச் சொல்லுங்க. ஆனா சீக்கிரம் யோசிங்க.”

ஒஃபேலியா அவன் சட்டையைப் பிடித்தாள். ரத்தம் மாறியது அவளுக்குத் தெரியும். அட்டை தெரியாது. “என்ன அட்டை? எங்க இருக்கு?”

“மேஜை இழுப்பறையில.”

“எத்தனை நாளா?”

“அஞ்சு வாரமா.”

அவள் அவனை அப்படிப் பார்த்ததை அவன் அதற்கு முன் கண்டதில்லை. கேபின் என்றால் அவளுக்கு உயிர். கட்டிலில் கிடந்தது அவள் தம்பி. “சொல்லித் தொலை கிழவா,” என்றாள்.

“மார்ச் மாசம் எடுத்தது என் ரத்தம் இல்ல,” என்றான் நிக்கானோர். “இவன் ரத்தம். என் பேருல குடுத்தான். நான்தான் குடுக்க வச்சேன்.”

டெல்ஃபினா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டினாள். காகிதத்தில் ஒரு கோட்டை அடித்துவிட்டு வேறு எதையோ எழுதினாள். வேறு மருந்து, அவ்வளவுதான். கட்டில் உருண்டு போனது. ‘மச்சான், நீ ஒரு…’ என்று ருட்டீலியோ கத்திய மிச்சத்தைக் கதவு மூடிக்கொண்டது.

ஒன்றரை மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தாள். எல்லாம் சரி, தானாக மூச்சு விடுகிறான், தண்ணீர் கேட்கிறான். ஒஃபேலியா அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். நிக்கானோருக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

“நான் சொல்லாம இருந்திருந்தா இவன் செத்திருப்பானான்னு கேளுங்க தோஞா.”

டெல்ஃபினா கேட்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னாள்.

“எந்திரத்துல வச்சு மூச்சுக் குடுத்திருப்பாங்களாம். நாலு மணி நேரமோ, எட்டு மணி நேரமோ. ஏன் எழுந்திருக்கலன்னு தெரியாம எல்லாரும் பயந்திருப்பாங்க. ஆனா செத்திருக்க மாட்டாராம்.” டெல்ஃபினா நிறுத்தினாள். கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டுமே. “அநேகமா.”

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நிக்கானோர் என்ன செய்வான்? வீட்டை, வேலையை, கொம்பாத்ரேயை எல்லாம் எதற்குக் கொடுத்தோம் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை வந்து நிற்கும். சில நாள் அது அவனுக்குப் போதும். சில நாள் போதாது.

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே போய் டெல்ஃபினா முன்னால் உட்கார்ந்து, தன் கையை நீட்டினான். அவள் நரம்பைத் தேடும்போது திட்டினாள், பிளாஸ்திரி ஒட்டும்போதும் திட்டினாள். ஐந்து நாள் கழித்து முடிவு வந்தது.

“கம்மியா?” என்றான்.

“எதைவிடக் கம்மி? உங்களுக்குச் சரியான எண் எதுன்னு யாருக்கும் தெரியாது. பழைய எண்ணே இல்லியே. மருந்துப் பக்கம் தலை வச்சுப் படுக்காம இருங்க, ஏறுதான்னு பாப்போம்.”

சோன் அடுத்த வியாழக்கிழமை வந்தான். வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான், உள்ளே வரவில்லை.

“என்னை ஏமாத்திட்டீங்களே கொம்பாத்ரே.”

“மன்னிச்சுக்கங்க கொம்பாத்ரே.”

“தொரீபியோவுக்குக் குடுத்தாப்பல நிழல் வேலை உங்களுக்கும் கேட்டுப் பாத்தேங்க. எண் விழுந்தவங்களுக்குத்தான் அந்தச் சட்டமாம். முதலாளி சொல்றார், உங்க எண் எங்கிருந்தும் விழலயாம்.” தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். “ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிக் குடுங்க. புது ஆளுக்கு நாலு பிள்ளைங்க.”

ருட்டீலியோவின் டிரெய்லருக்குப் போனார்கள். ஒற்றை அறை, மூன்று பேர். கள்ளி டப்பாக்களை வைக்க ஜன்னல் ஓரம் இல்லாததால், வெளியே படிக்கட்டில் அடுக்கினாள் ஒஃபேலியா. அவள் நிக்கானோரோடு பத்து நாள் பேசவில்லை. வயிற்றில் தையலோடு படுத்திருந்த ருட்டீலியோதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினான்.

“உனக்கு ரத்தம் குடுத்தேன், பாலு குடுத்தேன், இப்பக் கட்டிலும் குடுத்துட்டேன் மச்சான். இன்னும் என்ன வேணும், எங்க இன்னொரு அக்காவா?”

நிக்கானோர் மறுபடி ஏணி ஏறினான். பிஞ்சு கிள்ளும் வேலை, டிராக்டர் கூலியில் பாதிகூடத் தேறாது. ஆனால் உடம்பு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முதலில் எச்சில் நின்றது. அப்புறம் இமை அடங்கியது. ஒரு நாள் மாலை ஏணி உச்சியில் நின்றுகொண்டு, தூரத்து ஆடம்ஸ் மலையின் பனி கோடு கோடாகத் தெரிவதைப் பார்த்தான். அந்த மலை அங்கே இருப்பதையே மார்ச்சிலிருந்து மறந்திருந்தான். ஏணியில் நின்றபடியே அழுதான். கீழே இருந்தவன் என்னவென்று கேட்டதற்கு வேர்வை என்றான்.

ஜூலை இரண்டாவது வாரம் டெல்ஃபினா கடைசியாக ரத்தம் எடுத்தாள். எண் மூன்று முறையாக ஒரே இடத்தில் நின்றிருந்தது. அவள் அதை ஒரு வெள்ளை அட்டையில் எழுதி அவன் பக்கம் தள்ளினாள்.

“இது உங்களுது. உங்க சொந்த எண். மே மாசம் இதுல பாதிகூட இல்ல நீங்க. எப்படி வண்டி ஓட்டினீங்களோ, அந்தக் குவாதலூப்பே மாதாவுக்குத்தான் வெளிச்சம்.”

“இனிமே பயமில்லையா?”

“இனிமே நீங்க விழுந்தா எங்களுக்குத் தெரியும்,” என்றாள் டெல்ஃபினா. “அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.”

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிரெய்லருக்கு வந்தபோது, சோனின் வண்டி வாசலில் நின்றது. படிக்கட்டில் டப்பாக்களுக்கு நடுவே கொம்பாத்ரே உட்கார்ந்திருந்தான். ஒஃபேலியா அவனுக்குக் காப்பி கொடுத்திருந்தாள். ருட்டீலியோ வலைக்கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“புது ஆளோட எண் விழுந்துடுச்சுங்க கொம்பாத்ரே,” என்றான் சோன். “அவன் பெஞ்சாதிக்கும் இங்க பிடிக்கல, தங்கச்சி ஊருக்கே போறாங்களாம். உங்களுக்கு இப்பச் சுத்தமான எண்ணாமே? நீங்களே பரீட்சைக்குப் போனீங்களாமே? முதலாளிகிட்ட நான் பேசிட்டேன். நடந்தது நடந்து போச்சு. ஆகஸ்டு மருந்துக்கு ஆள் வேணும். திங்கக்கிழமை வர்றீங்களா? கேபின் கூட்டிப் பெருக்கி வச்சிருக்கு.”

“இந்தத் தடவை என் ரத்தம் ஸ்டாக் இல்ல மச்சான்,” என்றான் கதவுக்குப் பின்னாலிருந்து ருட்டீலியோ. யாரும் சிரிக்கவில்லை.

நிக்கானோர் மனைவியைப் பார்த்தான். அவள் படிக்கட்டில் வெயிலில் வாடிக் கிடந்த டப்பாக்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நகர்த்திக்கொண்டிருந்தாள். அவற்றைத் தண்ணீர் ஊற்றத்தான் நகர்த்துகிறாளா, தூக்கிக்கொண்டு போகவா என்று அவனுக்குத் தெரியவில்லை. பையிலிருந்த அட்டையைச் சட்டைக்கு மேலாகவே தொட்டுப் பார்த்தான். தன்னுடையதென்று சொல்லிக்கொள்ள அவனுக்கு அந்த நாட்டில் கிடைத்த முதல் சொத்து அந்த எண். அதுவும் முழுசாக இருந்தது. அதைத்தான் கேட்டு வந்திருக்கிறார்கள்.

‘முடியாது’ என்ற அந்தச் சொல் அவன் நாக்கு நுனிவரை வந்தது. இருபத்தைந்து வருடத்தில் அவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல் தடவை. கொம்பாத்ரே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதையாகக் காத்திருந்தான்.

“எத்தனை மணிக்கு வரணுங்க கொம்பாத்ரே?” என்று கேட்டான் நிக்கானோர்.